தென்னமரத்துத் துரை எழுதிய நாவல்



கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை அறியாத தோட்டக் குடும்பம் நம்மிடையே இராது. 1863-ஆம் ஆண்டில் எழுந்த இந்தியர் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கடைவீதி அது. தீபாவளிச் சேலைக்கும், கல்யாண நகைக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கும், படிக்க ஒரு தமிழ் இதழுக்கும் அங்கேதான் போய்ப் பழகினோம். அந்தக் கடைவீதியில் நம் பாட்டன்மாரும் பெற்றோரும் செலவழித்த வெள்ளி எங்கிருந்து வந்தது? முதலில் பால்மரத்திலிருந்து வந்தது. பிறகு செம்பனையிலிருந்து வந்தது.

அந்தச் செம்பனையை இந்த நாட்டில் முதன்முதலாக வாணிபப் பயிராகத் தோட்டம் போட்டு நட்டவர் யார் தெரியுமா? அவர் ஆங்கிலேயர் அல்லர், பிரெஞ்சுக்காரர். இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பைத் தரும். அந்தத் தோட்டத்துத் துரையே ஒரு நாவலாசிரியர். பிரான்சு நாட்டில் எழுத்தாளர்கள் ஏங்கிக் கிடக்கும் பெரிய விருதைப் பெற்றவர். அந்த விருதை வாங்கித் தந்த நாவலின் களம் நம் சிலாங்கூர். அதன் பக்கங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் நடமாடுகிறார்கள்.

அவர் பெயர் ஆன்றி ஃபோக்கோனியே. ஆங்கிலேயர் ஹென்றி என்று சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் ஆன்றி என்பார்கள். அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் இன்று பார்ப்போம். அத்துடன் அந்த எழுத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்ப்போம்.

ஃபோக்கோனியே 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ஆம் நாள் பிறந்தார். தென்மேற்குப் பிரான்சில் ஷரான்த் என்ற மாவட்டத்தில் பார்ப்சியூ என்பது அவருடைய ஊர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் அது. இளமையில் அவருக்கு இசையிலும் இலக்கியத்திலும் நாட்டம். ஜாக் பூத்தலோ என்ற பையன் அவருடைய உயிர்த் தோழன். அந்தப் பையனே பின்னாளில் ஜாக் ஷார்தோன் என்ற புனைபெயரில் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார். நல்ல சேர்க்கை எத்தனை பெரிய காரியம் செய்யும் என்பதை இந்தக் கதையில் மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

இளைஞரான ஃபோக்கோனியே இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்பித்தார். ஆம், அவரும் சில காலம் வாத்தியார் வேலை பார்த்தவர்தான்! எழுத்தாளனாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் அந்தப் பணம் சேராது என்பதை நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

அந்தச் சமயத்தில் போர்னியோவில் சவ்வரிசி மரம் பயிரிட்டால் விரைவில் செல்வந்தர் ஆகலாம் என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. 1905-ஆம் ஆண்டு கப்பல் ஏறினார். வழியில் சிங்கப்பூரில் இறங்கியபோது வேறு பேச்சுக் கேட்டது. மலாயாவில் ரப்பர் நடுகிறார்கள், அதில்தான் எதிர்காலம் என்றார்கள். அவர் போர்னியோவை மறந்தார். கிள்ளான் பக்கம் வந்து, அனுபவம் உள்ள ஒரு துரையிடம் தோட்ட வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு சிலாங்கூர் ஆற்றங்கரையில், ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில், காட்டு நிலம் வாங்கித் தமக்கென்று ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். மலாய் மொழியையும் கற்றுக்கொண்டார்.

அவர் காட்டை வாங்கினார் என்று சொன்னோம். காட்டை அழித்தவர் யார்? மரம் சாய்த்து, எரித்து, வடிகால் வெட்டி, கன்று நட்டவர் யார்? அந்தக் காலத்துச் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் இந்த வேலைகளில் பெரும் பங்கைச் செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டு வரையிலும் இருந்தது. அதற்குப் பிறகும் கங்காணி முறை நீடித்தது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்த பிறகுதான் அது முடிந்தது. நாட்டுக் கொசுவும் காட்டுக் காய்ச்சலும் அவர்களில் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போயின.

ஃபோக்கோனியே நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தார். மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910-ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. முதல் போட ஆட்கள் முந்திக்கொண்டார்கள். அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியம் நாட்டு முதலாளியின் துணை ஃபோக்கோனியேக்குக் கிடைத்தது. ஹாலே 1909-ஆம் ஆண்டில் தொடங்கிய சோக்ஃபின் கம்பெனியின் பெயரை நம் முதியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள்.

ஹாலே சுமத்திரா தீவில் செம்பனை நட்டுப் பார்த்தவர். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழியில் வந்த மரங்களைச் சுமத்திராவின் டெலி பகுதியில் சாலையோர அழகுக்காக நட்டார்கள். அந்த டெலி விதைகளைத்தான் ஃபோக்கோனியே 1911-ஆம் ஆண்டையொட்டி வரவழைத்தார். அவற்றை ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டு வளர்த்துப் பார்த்தார். 1917-ஆம் ஆண்டில், சரியாக விளையாமல் போன காப்பிக்குப் பதிலாக, ஒரு தோட்டம் முழுவதிலும் செம்பனை நடப்பட்டது. இந்த நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் அதுவே.

அந்தத் தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். 'தென்னமரம்' எஸ்டேட். பழைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இருக்கிறது. ஏட்டில் ரோமன் எழுத்தில் எழுதினாலும் வாய்விட்டுச் சொன்னால் அது நம் வீட்டுச் சொல்! ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜாவாவில் வளர்ந்து, சுமத்திராவிலிருந்து வந்த ஒரு மரத்தைப் பிரெஞ்சுத் துரை நட்ட தோட்டம், தமிழ்ப் பெயரோடு நிற்கிறது. மலேசிய வரலாற்றுப் புத்தகத்தில் செம்பனையின் பாடத்தைப் பிள்ளைகள் படிக்கும்போது இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

செம்பனை வேலையின் அருமை உங்களுக்குத் தெரியும். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் குலை தள்ளும். ரப்பருக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் வெட்டிய குலை உடனே ஆலைக்குப் போகவேண்டும். தாமதித்தால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும். 1981-ஆம் ஆண்டுக்கு முன்பு இன்னொரு வேலையும் இருந்தது. பெண் பூக்களுக்கு ஆண் பூவின் மகரந்தத்தூளை மனிதர்களே தூவினார்கள். முள்ளும் மட்டையும் கிழிக்க, மரம் மரமாகப் போய் அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்கள் மிகப் பலர். லெஸ்லி டேவிட்சன் என்ற துரை ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் தூள் தூவாமலே காய் பிடிப்பதைக் கண்டு, இது பூச்சியின் வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஐயுற்றார். ஆராய்ச்சியில் அது உண்மை என்று தெரிந்தது. 1981-ஆம் ஆண்டில் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். நூற்றுக்கணக்கான கைகள் செய்த வேலையை வண்டு ஏற்றுக்கொண்டது. அந்தக் கைகளின் வேலையைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் எத்தனை இருக்கும்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோக்கோனியேயின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் தோட்டத்தை விட்டுப் பிரான்சுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். பதுங்கு குழிகளின் சேற்றில் கிடந்தார். 1917-ஆம் ஆண்டில், அதாவது இங்கே தென்னமரத்தில் செம்பனை நடப்பட்ட அதே ஆண்டில், மதலேன் என்ற பெண்ணை அங்கே மணந்தார். போர்க் காலத்தில் அவளுக்கு எழுதிய கடிதங்கள் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து நூலாகவே வெளிவந்தன. ஒரு வீட்டில் கடிதங்களைப் பத்திரமாகக் கட்டி வைத்ததால் கிடைத்த நூல் அது.

போர் முடிந்த பிறகு, 1920-களின் நடுவில், குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவில் துனீசியா நாட்டில் குடியேறினார். ராதேஸ் என்ற கடலோர ஊர். பணம் இருந்தது; ஓய்வும் இருந்தது. இளமையில் தள்ளிப் போட்ட ஆசையை அங்கேதான் நிறைவேற்றினார். உட்கார்ந்து, அவசரப்படாமல், மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்கு 'மலேசி' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு மொழியில் இந்நாட்டைக் குறிக்கும் சொல் அது. இளமைத் தோழர் ஷார்தோன் அப்போது பாரிசில் ஸ்டோக் என்ற பதிப்பகத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பதிப்பகமே 1930-ஆம் ஆண்டில் நாவலை வெளியிட்டது. நல்ல சேர்க்கை என்று முன்பே சொன்னோம் அல்லவா?

அந்த ஆண்டின் கோன்கூர் விருது 'மலேசி' நாவலுக்குக் கிடைத்தது. கோன்கூர் என்பது ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் குடும்பப் பெயர். அவர் தம் சொத்தை உயில் எழுதி வைத்து, அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நல்ல நாவலுக்குப் பரிசு கொடுக்கச் செய்தார். 1903-ஆம் ஆண்டு முதல் கொடுக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட குழு பாரிசில் ஓர் உணவு விடுதியில் கூடித் தேர்ந்தெடுக்கும். இன்று அந்தப் பரிசுக் காசோலையில் எழுதும் தொகை எவ்வளவு தெரியுமா? வெறும் 10 யூரோ. ஆனால் அந்தப் பெயர் கிடைத்த நூல் இலட்சக்கணக்கில் விற்கும். விருது பெற்றபோது ஃபோக்கோனியேக்கு வயது 51. அதுவே அவருடைய முதல் புத்தகம்! 'இனிமேல் எழுதி என்ன ஆகப் போகிறது' என்று சொல்லும் நடுத்தர வயதினர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் அவருடைய தங்கை ஜெனவியேவும் எழுத்துக்குப் பேர் வாங்கினார். 1933-ஆம் ஆண்டில் பெண்களே நடுவர்களாக இருக்கும் ஃபெமினா விருது அவருடைய 'கிளோத்' என்ற நாவலுக்குக் கிடைத்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பெரிய விருது. பையனுக்குப் புத்தகம் வாங்கித் தரும்போது பெண்ணுக்கும் ஒன்று வாங்கித் தருவதால் வீட்டுக்கு நட்டமில்லை என்பதை அந்தக் குடும்பம் காட்டுகிறது.

சரி, அந்த நாவலில் என்ன இருக்கிறது?

லெஸ்கால் என்ற இளைஞன் கதையைச் சொல்கிறான். போர்க்களத்தில் ரோலேன் என்ற விந்தையான மனிதனை அவன் சந்தித்திருந்தான். ரோலேன் மலாயாவில் தோட்டம் வைத்திருப்பவன். போர் முடிந்ததும் லெஸ்கால் மலாயாவுக்கு வருகிறான். தோட்ட வேலையில் சேருகிறான். ரோலேனை மறுபடியும் சந்திக்கிறான். காட்டருகே ரோலேனின் வீடு. ஙா, ஸ்மாயில் என்ற இரண்டு மலாய்க்காரர்கள் வேலைக்கு இருக்கிறார்கள். 'ஙா' என்ற பெயரை எழுதப் பிரெஞ்சுக்காரருக்கு மூன்று நான்கு எழுத்து வேண்டும். நமக்கு ஓரெழுத்துப் போதும்! மேலை நாட்டு அவசரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இந்த மண்ணின் மக்களைப் புரிந்துகொள்ள முடியுமா என்பதே கதையின் ஓட்டம். முடிவை நெருங்கும்போது இளைஞன் ஸ்மாயில் மனம் கலங்கி, 'அமோக்' என்னும் வெறி கொண்டு ஆயுதம் ஏந்துகிறான். கதை துயரத்தில் முடிகிறது.

நாவலில் மலாய்ப் பந்துன்கள் வருகின்றன. பந்துன் என்பது நான்கடிப் பாட்டு. முதல் இரண்டு அடிகளில் ஒரு செடியோ பறவையோ ஆறோ வரும். அடுத்த இரண்டு அடிகளில்தான் மனத்தில் இருப்பது வரும். நம் ஏற்றப் பாட்டையும் தெம்மாங்கையும் நினைத்துப் பாருங்கள். வயலைப் பாடுவதுபோல் தொடங்கி மனத்தைப் பாடி முடிப்பார்களே, அதற்கு இது உறவு. பிரான்சில் விக்தோர் ஹியூகோ 1829-ஆம் ஆண்டிலேயே ஒரு பந்துனைத் தம் நூலின் குறிப்புகளில் எடுத்துக் காட்டியிருந்தார். ஃபோக்கோனியே அதைப் புத்தகத்தில் படித்ததோடு நில்லாமல் இந்த மண்ணிலேயே கேட்டவர். அதனால் நாவலின் உயிரோடு அதைச் சேர்க்க முடிந்தது.

தமிழர்களும் வருகிறார்கள் என்று சொன்னோம். லெஸ்காலின் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நம்மவர்கள். அவர்களுள் ஒரு பெண் கதையில் முக்கியமாக வருகிறாள். பிரெஞ்சு நூலில் அவள் பெயர் 'பலனியாய்'. நம் வாயில் அது பழனியாயி. எத்தனை வீட்டுப் பாட்டிகளின் பெயர்! துரை அவளோடு நெருங்கிப் பழகுகிறான். அவளுடைய நடையையும் நிறத்தையும் அழகையும் வருணிக்கிறான். ஆனால் கதையைச் சொல்பவன் அவன், அவள் அல்ல. துரையின் பங்களாப் படியேறிய ஒரு தோட்டத்துப் பெண் என்ன நினைத்திருப்பாள்? பயந்திருப்பாளா, விரும்பியிருப்பாளா, மறுத்தால் வீட்டுக்கு என்ன நேருமோ என்று எண்ணியிருப்பாளா? லயத்துக்குத் திரும்பியதும் அவளை யார் என்ன சொன்னார்கள்? துரை பார்த்த அளவே நமக்குத் தெரிகிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடத்தைக் கையில் எடுத்தால் முதலில் இரண்டு கேள்வி கேட்கும்படி எங்களைப் பழக்கினார்கள். இதில் பேசுவது யார்? பேசாமல் இருப்பது யார்? அந்த இரண்டு கேள்வியும் பரீட்சைக்கு மட்டும் உதவுவதில்லை. பெரிய நாவலைப் படிக்கவும் உதவுகின்றன.

1930-ஆம் ஆண்டை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். பாரிசில் மலாயா நாவலுக்கு விருது கொடுத்துக் கொண்டாடினார்கள். அதே காலத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1930-லிருந்து சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இருபது வருடம் உழைத்தவன் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினான். மலாயாவைப் பற்றிய நாவலைப் பாரிசில் படித்தவர்களுக்கு அந்தக் கப்பல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஃபோக்கோனியேக்கு எழுதும் ஓய்வைத் தந்தது ரப்பர். அந்த ரப்பரில் நம்மவர் வியர்வை இருந்தது. இதைச் சொல்வது அவரைப் பழிப்பதற்காக அல்ல. கணக்கில் இரண்டு பக்கமும் எழுதவேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

ஃபோக்கோனியே அதிகம் எழுதவில்லை. 1938-ஆம் ஆண்டில் 'விசியோன்' என்ற கதைத் தொகுதியை வெளியிட்டார். 'மலேசி' 1931-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் 'மலாயாவின் ஆன்மா' என்ற பொருள்படும் தலைப்பில் வந்துவிட்டது. நெடுநாள் வாழ்ந்து, 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் 94-ஆம் வயதில் மறைந்தார். அவர் நட்ட மரத்தின் பயிர் அதற்குள் மலேசியாவின் பெரும் செல்வமாகிவிட்டது.

நேயர்களே, இந்தக் கதைக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. அது நமக்கு இன்னும் நெருக்கமானது.

1936-ஆம் ஆண்டில் இன்னொரு பிரெஞ்சு இளைஞன் மலாயாவுக்கு வந்தான். பெயர் பியேர் பூல். 1912-ஆம் ஆண்டில் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவன், பொறியியல் படித்தவன். கோலாலம்பூர் வட்டாரத்தில் அதே சோக்ஃபின் கம்பெனியின் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் உலகப் போர் வந்தது. பூல் பிரான்சின் விடுதலைப் படைப் பக்கம் சேர்ந்தார், இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையில் இருந்தார், பிறகு தப்பினார். போர் முடிந்த பிறகு சிறிது காலம் மலாயாவுக்குத் திரும்பி, அப்புறம் பாரிசுக்குப் போய் முழுநேரமும் எழுத்தில் இறங்கினார். 1951-ஆம் ஆண்டில் தோட்டத்துக் கம்பெனி வாழ்க்கையைக் கேலி செய்யும் மலாயா நாவல் ஒன்றை எழுதினார். 1952-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பேசப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' வந்தது. மனிதரைக் குரங்குகள் ஆளும் கதையான 'குரங்குகளின் கிரகம்' என்ற நாவலும் இவருடையதே. அது 1963-ல் வந்தது. 1994-ஆம் ஆண்டில் மறைந்தார்.

'குவாய் நதிப் பாலம்' 1957-ஆம் ஆண்டில் படமாயிற்று. இலங்கையில் கித்துள்கல என்ற இடத்தில் பாலம் கட்டிப் படம் பிடித்தார்கள். ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. கதை என்ன? சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட இரயில் பாதை. அதில் ஒரு பாலம். அதைக் கட்டும் ஆங்கிலேயப் போர்க் கைதிகள். தன் மானத்துக்காகப் பாலத்தை நன்றாகக் கட்டிக் கொடுக்கும் ஓர் ஆங்கிலேயக் கர்னல். வீம்பும் கடமையும் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று காட்டும் நல்ல நாவல்தான்.

ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைவிட அதிகமாகச் செத்தவர்கள் யார்? 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1942-லிருந்து 1943 அக்டோபர் வரையில் போடப்பட்டது. அதில் வேலை செய்த வெள்ளையர் படைக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மும்மடங்குக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் போதவில்லை என்றபோது பிடித்து ஏற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் சேர்ந்து பல்லாயிரம் பேரைத் தின்றன. கைதிகளுக்குச் சொந்த மருத்துவர் இருந்தார், ஒழுங்கு இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது. அதனால் அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது; கல்லில் பெயர் இருக்கிறது. நம்மவருக்குப் பட்டியல் இல்லை. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக நிற்கும் போர்க் கல்லறைகளில் நம் தோட்டத்து மனிதனைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த எழுத்தாளரின் நாவலிலேயே அந்தத் தோட்டத்து மனிதர்கள் நடுவில் நிற்கவில்லை. பூல் வேண்டுமென்று மறைத்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் சொல்ல நினைத்தது வேறு கதை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த, தம்மைத் தைத்த கதையை எழுதுகிறார்கள். நம் கதையை நம்மைவிட அக்கறையாக இன்னொருவர் எழுதுவார் என்று காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

நல்ல வேளையாக, நம்மவர் எல்லாரும் காத்திருக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற தமிழ் நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலை எழுதினார். இந்த இரண்டிலும் தோட்டத்து லயமும், கணவனை இரயிலேற்றிவிட்டுக் காத்திருக்கும் மனைவியும், காட்டு முகாமும் நம் மொழியிலேயே பேசுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்த அகிலன் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். கெடா மாநிலத்துப் பெடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் நாடகமும் நாவலும் எழுதித் தோட்டத்து மனிதரை உலகத்தின் முன் நிறுத்தினார். அவர் 2020-ஆம் ஆண்டில் மறைந்தார். ஆஸ்கார் விருதும் கோன்கூர் விருதும் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பழனியாயியின் பேரப்பிள்ளைகள் தம் குரலைக் கேட்க இங்கேதான் வரவேண்டும். மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகும்போது, இந்த நூல்கள் கிடைக்குமா என்று ஒரு புத்தகக் கடையில் விசாரித்துப் பாருங்கள். கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் வரவழைப்பார்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாகின்றன. லயங்கள் இடிகின்றன. செம்பனைத் தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. நம் குடும்பங்கள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் மற்ற பட்டணங்களுக்கும் நகர்ந்துவிட்டன. தோட்டத்துப் பள்ளிகளில் பலவும் இடம் மாறிவிட்டன. பிரட்டுக்கு மணி அடித்த நேரம், மங்கு கழுவிய விதம், ஆயாக் கொட்டகையில் தொட்டில் கட்டிய முறை, மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளுக்கு எவ்வளவு வரி போட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போகிறார்கள். மகரந்தத்தூள் தூவிய கைகளைப் பற்றி முன்பு ஒரு கேள்வி கேட்டோம். அந்தக் கைகளுக்கு இப்போது அறுபதும் எழுபதும் எண்பதும் வயது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், பிறகு யாரிடம் கேட்பது?

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூன்றும் செலவில்லாதவை.

முதலாவது: வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஊர், கப்பல், தோட்டம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள்? எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள்? முதலில் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி? குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா? திரும்பினார்களா? சொல்லும்போது அழுதால் அவசரப்படுத்தாதீர்கள். இன்னொரு நாள் கேளுங்கள்.

இரண்டாவது: கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மகனும் எழுதட்டும், மகளும் எழுதட்டும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். அதைத் திருத்த ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். சொன்னவர் பெயர், சொன்ன தேதி, தோட்டத்தின் பெயர் மூன்றையும் மேலே குறிக்கவேண்டும். இப்போது கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். ஆனால் பேசி பழுதானால் குரலும் போய்விடும். தாளில் எழுதியதும் இருக்கட்டும்.

மூன்றாவது: பழைய காகிதங்களை எறியாதீர்கள். சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளிச் சான்றிதழ், சங்கத்துச் சந்தா அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதம், திருவிழா நோட்டீசு எல்லாமே வரலாறு. ஃபோக்கோனியே வீட்டில் கடிதங்களைக் கட்டி வைத்ததால் ஒரு நூல் கிடைத்தது என்று சொன்னோம். நம் வீட்டுத் தகரப் பெட்டியிலும் நூல் இருக்கலாம்.

ஒரு பிரெஞ்சு இளைஞர் இந்த மண்ணுக்கு வந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதை நாவலாக எழுதினார். அந்த நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. நாம் நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். அவரைவிட நமக்கு இந்த மண் அதிகமாகத் தெரியும். மரத்தின் பட்டையைத் தொட்டே பால் வருமா வராதா என்று சொல்லும் விரல்கள் நம்முடையவை. அந்த விரல்களுக்குப் பேனா பிடிக்கவும் தெரியும். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுப் பிள்ளையைப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.